கிளியர் கோட் (மாதிரிக் கார்)
ரிமோட் கண்ட்ரோல் மாதிரிக் காரின் கூட்டில், ஒட்டுபடங்களின் மேல் அடிக்கப்படும் நிறமற்ற காப்புப் பூச்சு. எந்தக் கூடு என்பதே முதல் கேள்வி. பாலிகார்பனேட் கூட்டுக்கு உட்புறம்தான் வண்ணம். வெளியே ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்வதே மேல். கடின பிளாஸ்டிக்குக்கான லாக்கர் பட்டால் பாலிகார்பனேட் கூடு நொறுங்கக்கூடும். ஜப்பானின் தமியா நிறுவனம் பாலிகார்பனேட்டுக்குப் பி.எஸ்., கடின பிளாஸ்டிக்குக்கு டி.எஸ். எனத் தனித்தனி ஸ்பிரே வரிசைகளே வைத்திருக்கிறது; டி.எஸ்.-13 பளபளப்பான கிளியர். நீரில் ஊறவைத்து ஒட்டும் டீகல் மேல் அதைக் கனமாக அடித்தால் படம் சுருங்கிவிடும். ஆகவே டீகல் நன்கு உலர்ந்தபின் மெல்லிய தூவல்கள் முதலில்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிக்கலே வேறு: சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு வெளுத்து மங்கும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ கிள்ளான் வீட்டு முற்றமோ, மாலை மழைக்குப்பின் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். வெயில் ஏறிய நண்பகல் நிழலே ஏற்றது.