வீட்டுப் படங்களுக்கு எந்த மென்பொருள்? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்

செராஸ், தாமான் மிடாவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் பாட்டிக்கு 80 வயது. "பழைய படமெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ பண்ணிடு" என்று சித்தி சொல்ல, பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை நீங்கள்தானே!

தேட ஆரம்பித்த பிறகுதான் நிலைமை புரியும். பாட்டியின் கல்யாணப் படம் அலமாரி ஆல்பத்தில். அத்தையின் கல்யாணம் ஒரு சிடியில். உங்கள் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. கடந்த பத்து ஆண்டுப் படங்கள் நான்கு பேரின் கைப்பேசிகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சிதறிக் கிடக்கின்றன.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. எது இலவசம், எதில் ஃபில்டர் அழகு என்று பார்த்துத்தான் பெரும்பாலும் தேர்வு செய்கிறோம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த மென்பொருள் நாளைக்கு மூடப்பட்டால், என் படங்களும் நான் எழுதி வைத்த பெயர்களும் என்ன ஆகும்?

இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. பிகாசா ஞாபகம் இருக்கிறதா? கூகுள் 2004-இல் வாங்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். வீட்டுக் கணினிகளில் படங்களை அடுக்க உலகம் முழுவதும் பலர் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2016 மார்ச் 15-ஆம் தேதியோடு கூகுள் அதற்கான ஆதரவை நிறுத்தியது.

படங்கள் அழியவில்லை. ஆனால் பிகாசாவில் செய்த திருத்தங்கள் படக்கோப்பில் சேராமல், ஒவ்வொரு கோப்புறையிலும் மறைந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பில்தான் பதிவாகின. வேறு மென்பொருளுக்கு மாறியவர்கள் பலருக்கு அந்த உழைப்பு கூட வரவில்லை.

இலவசமும் நிரந்தரம் இல்லை. கூகுள் ஃபோட்டோஸ் 2015-இல் வந்தபோது, சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அது முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஒரு படம் 4 எம்பி என்றால், 3,750 படங்களில் அது நிறைந்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு வருஷம்கூடத் தாங்காது.

அடுக்குவது வேறு, திருத்துவது வேறு

இந்த இரண்டையும் ஒரே செயலி செய்ய வேண்டும் என்பதில்லை.

வெளிச்சம் கூட்ட, ஓரம் வெட்ட, பழைய படத்தின் நிறத்தைச் சரிசெய்ய: கைப்பேசியில் ஸ்னாப்சீட் போதும், அது இலவசம். கணினியில் கிம்ப் இருக்கிறது. கேமராவில் 'ரா' வடிவத்தில் படம் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் உண்டு. இவையும் இலவசமே.

நீங்கள் நன்றாக யோசித்துத் தேர்வு செய்ய வேண்டியது அடுக்கும் மென்பொருளைத்தான். திருத்தும் செயலியை நாளைக்கே மாற்றலாம். பத்தாயிரம் படங்களை அடுக்கிய பிறகு இடம் மாறுவதுதான் கஷ்டம்.

சரி, எதை எடுக்கலாம்?

கூகுள் ஃபோட்டோஸ்: தேடுவதற்குச் சுலபம், குடும்பத்தோடு பகிரவும் வசதி. வெளியேறும்போதுதான் கவனம் தேவை. 'டேக்அவுட்' வழியாக எல்லாவற்றையும் பதிவிறக்கம் செய்யலாம். ஆனால் நீங்கள் அங்கே எழுதிய விளக்கமும் திருத்திய தேதியும் படத்துக்குள் இருக்காது. ஜேசன் என்ற தனிக் கோப்பில் வரும். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஜேசன் கோப்பைக் குப்பையில் போட்டால், அந்தத் தகவலும் போச்சு.

ஆப்பிள் ஃபோட்டோஸ்: வீட்டில் எல்லாரும் ஐஃபோன் என்றால் இதுவே இயல்பான வழி. ஐகிளவுட்டில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. மேக் கணினியிலிருந்து படங்களை ஏற்றுமதி செய்யும்போது, தலைப்பையும் குறிச்சொற்களையும் சேர்க்கச் சொல்லும் தேர்வை மறக்காமல் அழுத்துங்கள்.

லைட்ரூம்: அடுக்கவும் திருத்தவும் வலுவானது. 2017 முதல் புதிய பதிப்புகளுக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும். சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். படம் எடுப்பது தொழிலாகவோ தீவிரமான ஆர்வமாகவோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

டிஜிகாம்: அதிகம் பேருக்குத் தெரியாத பெயர். இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களை உங்கள் கணினிக்குள்ளேயே அடையாளம் காணும், படம் வெளியே போகாது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கைப்பேசிச் செயலி கிடையாது.

பெரும்பாலான வீடுகளுக்கு இப்படிச் செய்யலாம்: தினசரிப் படங்களுக்குக் கைப்பேசியில் ஏற்கனவே இருக்கும் செயலி, பாதுகாக்க வேண்டிய குடும்பப் படங்களுக்குக் கணினியில் டிஜிகாம்.

பெயர் எங்கே எழுதப்படுகிறது?

டிஜிகாமைப் பரிந்துரைக்கக் காரணம் இதுதான். ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் தகவல் எழுத இடம் இருக்கிறது. எடுத்த தேதி, கேமரா விவரம் ஆகியவை எக்சிஃப் பகுதியில் இருக்கும். பெயர், இடம், குறிப்பு ஆகியவற்றை எக்ஸ்எம்பி பகுதியில் எழுதலாம். அது யூனிகோடு என்பதால் தமிழிலேயே எழுதலாம்: "பாட்டி, பத்துமலை, தைப்பூசம்."

இப்படிப் படத்துக்குள் எழுதிவிட்டால், அந்தப் பெயர் படத்தோடு போகும். நாளைக்கு வேறு மென்பொருள் வந்தாலும் படிக்கும். டிஜிகாமின் அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், தகவலைக் கோப்புக்குள் எழுதும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும்தான் சேமிக்கும். பிகாசா கதை மறுபடியும் நடக்கும்.

வாட்ஸ்அப் படங்களில் இன்னொரு சிக்கல். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த தேதி, இடம் போன்ற தகவலும் நீக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் வந்து சேர்ந்த நாள்தான், எடுத்த நாள் அல்ல. அதனால் முக்கியமான படங்களை மூலக் கோப்பாகவே கேளுங்கள். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

ஒரு பிரதி போதாதா?

போதாது. ஐகிளவுட் ஒத்திசைவு இயங்கும்போது கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், மேகத்திலும் அழிந்துவிடும். கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் அழித்தாலும் அதே கதைதான். ஆப்பிள் 30 நாள், கூகுள் 60 நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு திரும்ப வராது.

2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும், செராஸுக்கு அடுத்த உலு லங்காட்டிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டுமே போய்விடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மேகத்திலோ மாமா வீட்டிலோ ஒன்று. அவ்வளவுதான்.

கணக்கு யார் பெயரில்?

வீட்டில் பேசத் தயங்கும் விஷயம் இது. படமெல்லாம் அப்பாவின் கணக்கில் இருந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. செயலற்ற கணக்குகளுக்கான கூகுள் அமைப்பில் 10 பேர் வரை நம்பகமானவர்களைச் சேர்க்கலாம். ஆப்பிளிலும் இறப்புக்குப் பின் கணக்கை அணுக ஒருவரைக் குறிப்பிடும் வசதி உண்டு. இரண்டுமே சில நிமிட வேலைதான். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கைவிட்டுவிடுவீர்கள். ஆல்பத்திலிருந்து 20 படங்கள் மட்டும் எடுங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு 4ஆர் படம் சுமார் 8.6 மெகாபிக்சல் வரும், பெரிதாக அச்சிடவும் போதும்.

பிறகு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் காட்டி, "இது யாரு பாட்டி?" என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு படங்களில் இருப்பது ஒரே முகம் என்று செயலி கண்டுபிடித்துவிடும். ஆனால் அவர் யார், பாட்டிக்கு என்ன முறை, எந்தத் தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்தவர் என்று அதற்குத் தெரியாது. அது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். மென்பொருளை அடுத்த மாதம்கூடத் தேர்வு செய்யலாம். பாட்டியிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.