ஓர் ஓவியம், இரண்டு காலங்கள்

மாணவர்களே, வரலாற்றுத் தேர்வில் ஓர் ஓவியத்தைக் கொடுத்து, "இது நம்பத்தக்க சான்றா?" என்று கேட்டால் என்ன எழுதுவீங்க? "ஆம்", "இல்லை" என்று சட்டென முடித்துவிடாதீங்க. முதலில், இது எந்தக் காலத்துக்குச் சான்று என்று பாருங்க.

ஓர் எடுத்துக்காட்டு. செக் நாட்டின் தலைநகர் பிராகில், பழைய நகர மண்டபத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. வாட்ஸ்லாவ் புரோஷீக் (1851–1901) 1890களின் பிற்பகுதியில் வரைந்தது. 1458 மார்ச் 2ஆம் நாள், அதே மண்டபத்தில் பொட்யெப்ராடி ஜார்ஜ் பொஹீமியாவின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அது காட்டுகிறது.

மன்னரைத் தேர்ந்தெடுத்தார்களா? ஆமாம். 1457 நவம்பரில் இளம் மன்னர் லடிஸ்லாவ் 17 வயதில், வாரிசு இல்லாமல் இறந்துபோனார். அதனால் பிரபுக்களும் நகரப் பிரதிநிதிகளும் கூடி முடிவெடுத்தார்கள். ஜார்ஜ் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. அதோடு, அவர் கத்தோலிக்கரும் அல்ல. ஹுஸ் வழி வந்த திருச்சபையைச் சேர்ந்தவர். செக் குடியில் பிறந்து அந்நாட்டை ஆண்ட கடைசி மன்னரும் அவரே.

சரி, நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இதை ஏன் வரைய வேண்டும்? புரோஷீக் காலத்தில் பொஹீமியா ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்தது. 1867இல் ஹங்கேரியர்களுக்குத் தனி அரசாங்கம் கிடைத்தது. செக் மக்களுக்குக் கிடைக்கவில்லை. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பிராகில் ஒருபோதும் முடிசூடிக்கொள்ளவும் இல்லை. அந்தச் சூழலில், "நம் மன்னரை நாமே தேர்ந்தெடுத்த நாள் ஒன்று உண்டு" என்று காட்டும் ஓவியத்துக்கு எவ்வளவு வலிமை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

ஓவியம் காட்டுவது ஒரே ஒரு நாளை. அதற்குப் பின் நடந்ததை அதில் தேட முடியாது. அன்று ஜார்ஜை ஏற்றுக்கொண்ட கத்தோலிக்கப் பிரபு ஸ்டெர்ன்பெர்க் ஸ்டெனெக், 1465இல் அவருக்கு எதிரான பிரபுக்கள் அணிக்கே தலைமை தாங்கினார். 1466இல் போப்பாண்டவர் இரண்டாம் பால், ஜார்ஜைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அரச பதவிக்குத் தகுதியற்றவர் என அறிவித்தார். 1469இல் ஹங்கேரி மன்னர் மத்தியாஸைப் போட்டி மன்னராகவும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இந்தப் போராட்டம் ஓயுமுன்னே, 1471இல் ஜார்ஜ் காலமானார்.

ஆகவே விடையை இப்படிப் பிரித்து எழுதுங்க: 1458ஐப் பொறுத்தவரை இந்த ஓவியம் இரண்டாம் நிலைச் சான்று. ஓவியர் அங்கே இருந்து பார்த்ததில்லை. முகபாவமும் உடையும் அவர் படித்தும் கற்பனை செய்தும் வரைந்தவை. ஆனால் 1890களின் செக் மக்கள் எதை நினைத்துப் பெருமைப்பட்டார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்று கேட்டால், இதுவே முதல்நிலைச் சான்று.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: ஓவியத்தைக் காட்டிவிட்டு, "இதில் யார் இருக்கிறார்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "இதை யார் பார்ப்பதற்காக வரைந்தார்கள்?" என்றும் கேளுங்கள். மாணவர்களின் விடை அங்கிருந்துதான் ஆழமாகும்.