படிகத் தாமதத் தடங்கள்

ரேடியோ அதிர்வெண் மின்குறிகை ஒன்றைக் குறித்த நேரம் பிடித்துவைத்து, பிறகு வெளியே விடும் கருவி தாமதத் தடம். பொறியாளர் பேச்சில் டிலே லைன். கேபிளில் குறிகை ஒளிவேகத்தின் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஒரு மைக்ரோ விநாடி தாமதிக்கவே சுமார் 200 மீட்டர் கேபிள் வேண்டும். அதையே லித்தியம் நையோபேட் படிகத்தின் பரப்பில் ஒலி அலையாக ஓடவிட்டால், விநாடிக்கு ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர்தான் வேகம். மூன்றரை மில்லிமீட்டர் போதும்.

பரப்பு அலைகளை ரேலே 1885-இலேயே கணித்துவிட்டார். ஆனால் 1965-இல் வைட், வோல்ட்மர் இருவரும் கோத்த சீப்புகள் போன்ற மின்முனைகளைப் படிகத்தின் மேல் பதித்துக் காட்டிய பிறகே அவை மின்னணுவியலுக்குப் பயன்பட்டன. மின்முனையின் பற்கள் அலைநீளத்தில் கால்பங்கு அகலமே இருக்கும். ஒரு கிகாஹெர்ட்சில் அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்கு மேலே போகப் போகச் செய்வதும் கடினம், இழப்பும் அதிகம். பதித்த தாமதத்தை மாற்றவும் வழியில்லை.

காந்த அலைகளின் கவர்ச்சி இங்கேதான். இட்ரியம் இரும்புக் கார்னெட் என்னும் படிகத்தை (சுருக்கமாக யிக்) 1956-இல் கிரெநோபிளில் பெர்த்தோவும் ஃபோராவும் இனங்கண்டனர். இதில் எலெக்ட்ரான் தற்சுழற்சிகளின் ஆட்டம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக் காந்த அலையாகப் பரவும். வெளிக்காந்தப் புலத்தைக் கூட்டிக் குறைத்தால் அதே அதிர்வெண்ணில் அலையின் வேகமும் தாமதமும் மாறும். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேகம் வேறுபடுவதால் துடிப்பு பரந்துபோகும் என்பது குறை; ரேடார் துடிப்புகளை நெருக்கிச் சுருக்குவதற்கு அதுவே உதவும். உண்மையான விலை இழப்புதான். ஒத்ததிர்வு அகலம் அரை ஓர்ஸ்டெட் உள்ள நல்ல படிகத்திலும் மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 38 டெசிபல் கரைந்துவிடும்.

இரண்டையும் சேர்க்கும் வழியை 1958-இல் கிட்டெலின் ஆய்வு திறந்தது: அதிர்வெண்ணும் அலைநீளமும் ஒன்றுபடும் இடத்தில் காந்த அலையும் ஒலி அலையும் ஒன்று மற்றொன்றாக மாறும். 1960-களில் யிக் தண்டுகளில் இதைச் செய்துபார்த்தார்கள். தண்டுக்குள் காந்தப்புலம் சீராக இருப்பதில்லை. அதனால் காந்த அலையாகக் கிளம்பும் குறிகை, ஓரிடத்தில் ஒலியாகி, தண்டின் பெரும்பகுதியை இழப்புக் குறைந்த அந்த வடிவில் கடக்கிறது. புலத்தை மாற்றினால் உருமாறும் இடம் நகரும். தாமதமும் கூடவே மாறும்.

நீண்ட தாமதங்களை இன்று ஒளியிழையும் எண்முறை நினைவகமும் ஏற்றுக்கொண்டுவிட்டன. பரப்பு அலைப் படிகங்கள் கைபேசிகளில் வடிகட்டிகளாக இருக்கின்றன. யிக் மெல்லேடுகளில் காந்த அலை ஆய்வு மேக்னானிக்ஸ் என்ற பெயரில் தொடர்கிறது.