உருளும் வீட்டைத் தட்டிப் பார்த்தல்: கூடார வண்டிலிலிருந்து ஐந்தாம் சக்கரம் வரை

கல்முனை பிரதான வீதியில் நாற்பதடிக் கொள்கலன் லொறி ஒன்று திரும்பும்போது ஒருதரம் நின்று பாருங்க. முன்னால இருக்கிற பிரைம் மூவர் ஒரு பக்கம் மடங்கும், பின்னால பெட்டி தன்பாட்டுக்கு வரும். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது கிரீஸ் பூசிக் கறுத்துப்போன ஒரு வட்டத் தகடு. அதன் பெயர் ‘ஃபிஃப்த் வீல்’, ஐந்தாம் சக்கரம்.

தரையைத் தொடாத தகட்டுக்கு எப்படிச் சக்கரம் என்ற பெயர் வந்தது? அது குதிரை வண்டிக் காலத்துச் சொல். நாலு சக்கர வண்டி வளைய வேண்டுமென்றால் முன் அச்சு தனியாகத் திரும்ப வேணும். அதற்காக அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் படுக்கைவாட்டில் ஒரு இரும்பு வளையம் வைத்தார்கள். நாலு ஓட, ஐந்தாவது படுத்துக் கிடக்கும்.

அதே இணைப்பில் ஒரு வீட்டைக் கொளுவினால் அதுதான் அமெரிக்காவின் ‘ஃபிஃப்த் வீல் கேம்பர்’. கொக்கி பிக்கப்பின் பின்தட்டுக்குள், பின் அச்சுக்கு மேலே இருக்கும். பாரம் அங்கே இறங்குவதால் வேகமாகப் போகையில் வால் ஆடுவது குறைவு. படுக்கையறை பிக்கப்பின் முதுகில் ஏறி நிற்கும், அதற்குப் பின்னால குசினி, குளியலறை, ஹோல். யூடியூப்பில் இதைச் சுற்றிக் காட்டும் வீடியோக்களை நம்மட பொடியன்கள் இரவிரவாகப் பார்க்கிறார்கள். கட்டாரில் வேலை செய்யும் காக்காமார் குளிர்காலத்தில் சீலைன் கடற்கரையில் வரிசையாக நிற்கும் காரவான்களை நேரிலேயே பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பளபளப்பாத்தான் இருக்கு, ஆனா சாமான் நல்லதா?

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மட கரைக்கும் பங்கு இருக்கிறது.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நம்மட ஊர்கள் கடலோடு ஒட்டியிருக்கும். வயலோ மேற்கே கிடக்கும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, நீர்ப்பாசனம் விரிந்த பிறகு அந்த வயல்வெளி இன்னும் அகலமானது. ஆனால் ஊருக்கும் வயலுக்கும் நடுவில் வண்டில் தடம் அதற்கு முன்பே இருந்தது. போடியாரும் முல்லைக்காரனும் விதைப்புக்கும் வெட்டுக்கும் போனால் நாள்கணக்கில் வாடியில் தங்குவார்கள். பாய், தண்ணிக்குடம், அரிசி, கருவாடு எல்லாம் வண்டிலில் போகும். மழை வந்தால் கூடாரத்துக்குள் சுருண்டு படுப்பது, வெயில் ஏறினால் வண்டிலுக்குக் கீழே படுப்பது. கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போனதும் அதே கூடார வண்டில்தான். சிலர் கரத்தை என்பார்கள். நம்மட ஆக்கள் படுத்தெழும்பிய உருளும் வீடு அதுதான்.

அதை யாரும் கடையில் பார்த்து வாங்கியதில்லை. ஓடாவியிடம் சொல்லிச் செய்விப்பார்கள். பல நேரம் மரத்தை வாங்கி, அறுத்து, காயப்போட்டு வைத்த பிறகுதான் ஓடாவியைத் தேடிப் போவார்கள். பச்சை மரத்தில் செய்த சக்கரம் முதல் கோடையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். கிழக்கில் இதற்குப் பேர்போன மரம் சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில வியாபாரிகள் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். வளையும், இலகுவில் முறியாது, அதனால் வண்டிலுக்கும் தோணிக்கும் தேடி வாங்கினார்கள்.

சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றித் துண்டு துண்டாகப் பூட்டிய வட்டை. ஆணியும் பசையும் இல்லை, எல்லாம் துளையும் கழுந்தும் இறுகி நிற்பவை. கடைசியில் கொல்லன் வருவான். வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறிதாக அடித்த இரும்புப் பட்டத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த பட்டத்தைச் சக்கரத்தில் ஏற்றி உடனே தண்ணி ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டையை நெரித்து, வட்டை ஆரக்காலை நெரித்து, ஆரக்கால் குடத்துக்குள் இறுகும். புகையும் ஆவியும் எழும்புகிற அந்த நேரத்தில் மரம் கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே மூட்டு சரியாக உட்கார்ந்ததா என்று அனுபவஸ்தன் சொல்லிவிடுவான்.

வாங்குகிறவனுக்கும் வேலை இருந்தது. ஆரக்காலைத் தட்டிப் பார்ப்பான். இறுகின கால் கணீரென்னும், தளர்ந்த கால் மொத்தென்னும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு விளிம்பு இடம்வலம் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பான். அச்சையும் கடையாணியையும் கையால் தடவுவான். மூடிமறைத்த இடம் என்று அந்த வண்டிலில் ஒன்றுமே கிடையாது. பிழை இருந்தால் வெளியிலேயே தெரியும். இன்னொன்று, செய்தவனின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். வண்டில் குடை சாய்ந்தால் மறுகா ஜும்ஆவில் முகத்தைப் பார்க்க வேணும்.

இங்கிலாந்திலும் உருளும் வீடு முதலில் இப்படிச் சொல்லிச் செய்வித்ததுதான். கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வெடுத்த கோர்டன் ஸ்டேபிள்ஸ், ஜிப்சிகளின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, 1885இல் பிரிஸ்டல் வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்தார். மஹோகனி மரம், இரண்டு குதிரை. உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் காரவான் என்று அதைத்தான் சொல்வார்கள். வண்டி இன்றும் இருக்கிறது.

பிறகு மோட்டார் வந்தது. 1914இல் டெட்ரொயிட்டில் ஒரு மர வியாபாரிக்குத் தன் படகைக் காரின் பின்னால் இழுத்துப் போக வேண்டியிருந்தது. ஓகஸ்ட் ஃப்ரூஹாவ்ஃப் என்ற கொல்லர் ஒரு இரண்டு சக்கரப் பெட்டியைச் செய்து ஃபோர்ட் காரில் கொளுவிக் கொடுத்தார். இன்றைய கொள்கலன் லொறியின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. கொளுவும் இணைப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு விமானக்காரர், கிளென் கர்ட்டிஸ். 1920களின் கடைசியில் அவர் செய்த ‘ஏரோகார்’ விமானம் மாதிரி இலேசான மரச்சட்டம், கம்பியால் இழுத்துக் கட்டியது. காரின் பின்பக்கத்தில் காற்றடித்த விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்கப்போட்டு, அதன் நடுவில்தான் இழுவைப் பெட்டியைப் பூட்டினார். குலுக்கலை அந்த டயர் விழுங்கும். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான்: ஐந்தாம் சக்கரம் ஒருமுறையாவது நிஜமாகவே சக்கரமாக இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததை ஒரு சொல்லில் சொல்லலாம்: மூடினார்கள். சட்டத்துக்கு வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர், உள்ளே மரம் போலத் தெரியும் காகிதம் ஒட்டிய பலகை, நடுவில் பஞ்சோ நுரையோ. இப்போது அமெரிக்காவில் தயாராகும் இந்த வகை வண்டிகளில் பெரும்பங்கு இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் ஆமிஷ் சமூகத்தவர். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போய்வரும் மார்க்கப் பற்றுள்ள ஆக்கள். அவர்கட வண்டியின் முன் அச்சில் அந்தப் பழைய ஐந்தாம் சக்கரம் இன்னும் படுத்துக் கிடக்கிறது. கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் கூலி பல இடங்களில் எண்ணிக்கைக்குத்தான். இத்தனை வண்டி முடித்தால் இவ்வளவு. சுவருக்குள் போகும் மூட்டை மினக்கெட்டுச் செய்தவனுக்கு அதற்கென்று ஒரு சதம் கூடக் கிடையாது, அதை யாரும் பார்க்கப் போவதுமில்லை.

2005 ஓகஸ்ட் 29இல் கத்ரீனா சூறாவளி அடித்தபோது இது உயிர்ப் பிரச்சினையானது. வீடிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசின் அனர்த்த முகவரகம் 1,20,000க்கும் மேற்பட்ட இழுவை வீடுகளையும் நகரும் வீடுகளையும் அவசர அவசரமாக வாங்கியது. வழமையான பெட்டி ஒன்று சுமார் 240 சதுர அடி. விடுமுறைக்கு இரண்டு கிழமை தங்கச் செய்த பெட்டியில் குடும்பங்கள் வருடக்கணக்கில் இருந்தன. கண் எரிந்தது, மூக்கால் இரத்தம் வந்தது, பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது. காரணம், அழுத்திய பலகையின் பசையிலிருந்து கசிந்த ஃபோர்மால்டிஹைட் வாயு. நிரந்தரமாகக் குடியிருக்கச் செய்யும் நகரும் வீடுகளின் பலகைக்கு 1980களிலிருந்தே சட்டத்தில் வரம்பு இருந்தது. விடுமுறை வண்டி என்ற வகைக்குள் வந்ததால் இழுவை வீடுகளுக்கு அது பொருந்தவில்லை. அரச சுகாதார ஆய்வாளர்கள் 519 வீடுகளில் காற்றை அளந்து 2008இல் முடிவைச் சொன்னார்கள்: சராசரி நூறு கோடியில் 77 பங்கு, சிலதில் 590 வரை. 2012இல் வழக்கு சுமார் 4 கோடியே 26 இலட்சம் டொலரில் முடிந்தது. பங்கு கேட்கக்கூடியவர்கள் ஏறக்குறைய 55,000 பேர். வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 800 டொலர்கூட வராது. அழுத்திய பலகைக்கு நாடு தழுவிய வரம்பு 2010இல் தான் சட்டமானது. அதே ஆண்டில் அந்தப் பழைய பெட்டிகள், குடியிருக்க உகந்ததல்ல என்ற ஸ்டிக்கரோடு ஏலத்தில் போய், சில இடங்களில் ஸ்டிக்கர் கழன்று திரும்பவும் வீடுகளாயின.

இதில் தட்டிப் பார்க்க யாருமே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்க. வாங்கியவர் வோஷிங்டனில் கையெழுத்துப் போட்டவர். படுத்தவர் லூசியானாவிலும் மிசிசிப்பியிலும். செய்தவர் எல்க்கார்ட்டில்.

கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முந்தித்தான் நம்மட கரையில் கடல் ஏறியது. 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். இலங்கையில் அதிகம் இழந்த மாவட்டம் இதுதான். மிஞ்சியவர்களுக்கு வந்தவை தற்காலிகக் கொட்டில்கள். சுமார் 200 சதுர அடி, மரச்சட்டம், தகரம். கிழக்கின் பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே பகலில் இருக்க ஏலாது. ஆக்கள் மேலே கிடுகு போட்டார்கள், மண்ணைக் குவித்துத் தரையை உயர்த்தினார்கள். வந்து இறங்கிய பெட்டியைக் கொடுத்தவர்கள் போன பிறகு, குடியிருந்தவர்களே திருப்பிக் கட்டினார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை. கரையோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் வந்த சட்டம் அந்தக் ‘தற்காலிகத்தை’ இன்னும் நீட்டியது.

நிரந்தர வீட்டின் கதையும் உங்களுக்குத் தெரியும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து பற்றை மூடின. அரசியலை வேறொரு கட்டுரையில் பேசலாம். கட்டடம் பற்றி மட்டும் ஒன்று: புழங்காத வீடு புதிதாகவே இருக்கும் என்பது பொய். கூரையில் ஒரு ஓடு விலகினால், உள்ளே இருப்பவர் அடுத்த மழைக்குள் பார்த்துவிடுவார். ஆளில்லாவிட்டால் அந்த ஒரு ஓட்டால் வளைச்சட்டமே போகும்.

உருளும் வீட்டுக்கும் அதே கணக்குத்தான். கட்டாரிலோ வேறெங்கோ பழைய காரவான் ஒன்றை மலிவாகப் பார்த்து, ‘ரெண்டு தரந்தான் ஓடினது’ என்று விற்பவர் சொன்னால் அதிலே மயங்க வேணாம். இடையில் எத்தனை வருடம் வெயிலில் நின்றது என்று கேளுங்க. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. பூ தேயாமல் இருக்கும், ஆனால் 2316 என்று கண்டால் அந்த டயர் 2016 நடுப்பகுதியில் பிறந்தது. பழைய ரப்பர் பாரத்தோடு வெடித்தால் சக்கரத்துக்கு மேலே உள்ள தரையையும் கிழிக்கும்.

தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்க, முக்கியமாகக் கதவடியிலும் குளியலறை ஓரத்திலும். பாதம் கொஞ்சம் அமுங்கினாலும் கீழே பலகை ஊறியிருக்கிறது. வெளிச்சுவரைப் பக்கவாட்டிலிருந்து கண் வைத்துப் பார்த்தால் ஃபைபரில் கொப்புளம் தெரியும். பசை விட்டுத் தண்ணி புகுந்த இடம் அது. இழுத்து நீட்டும் அறை இருந்தால் அதை வெளியே விட்டு, மூலை ரப்பர் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவுங்க. கீழே படுத்துச் சட்டத்தின் வெல்டிங்கைப் பாருங்க. நம்மட மிசின் பெட்டி ஒட்டும் பட்டறைப் பொடியன் ஒருத்தனை வீடியோ கோலில் எடுத்துக் காட்டினால் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவான். அலுமாரிக் கதவுகளை எல்லாம் பூட்டி வைத்து, பகல் சூடேறிய பிறகு திறந்து மூக்கை நீட்டிப் பாருங்க. கண் கரித்தால் வெளியே வந்துவிடுங்க.

கூரைக்குக் கட்டாயம் ஏணி கேளுங்க. ஏணி இல்லை என்பார்கள். இருந்தும் ஏறுங்க, பக்கத்துக் கடையில் வாங்கியாவது. பொருத்துகளிலும் காற்றுத் துளைகளைச் சுற்றியும் பூசிய சீலன்ட் பாலைவன வெயிலில் பொரிந்து கிடக்கும். பிறகு ஒரு குழாயைப் பிடித்துக் கூரையில் கால்மணி நேரம் தண்ணி விடுங்க. ஒருத்தர் மேலே விடட்டும், நீங்க உள்ளே போய்ப் படுக்கிற கட்டிலில் மல்லாந்து கிடந்து மூலைகளைப் பார்த்துக்கொண்டிருங்க.