பாதை அமைத்தோருக்குக் கதவடைப்பு!

1869ஆம் ஆண்டு, மே 10ஆம் நாள். அமெரிக்க நாட்டின் யூட்டா பகுதியிலே, ப்ராமண்டரி என்னுமிடத்திலே, கிழக்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் மேற்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் கைகோத்தன. பொன்னால் ஆணி செய்து விழா எடுத்தனர். தந்தி வழியே நாடெங்கும் செய்தி பறந்தது. சீமான்கள் சிரித்து மகிழ்ந்தனர். சியரா நெவாடா மலையைக் குடைந்து, பனியிலே விறைத்து, வெடிமருந்திலே வெந்து, மேற்குப் பாதையைச் சமைத்த கரங்கள் எவருடையவை? பெரும்பாலும் சீனத் தொழிலாளருடையவை! 10,000க்கும் மேற்பட்ட சீனர் அந்தப் பணியிலே பாடுபட்டனர்.

ஆண்டுகள் பதின்மூன்று உருண்டன. 1882ஆம் ஆண்டு, மே 6ஆம் நாள், அதே நாட்டிலே ஒரு சட்டம் பிறந்தது. சீனத் தொழிலாளி இனி இம்மண்ணில் அடியெடுத்து வைக்கலாகாது என்றது அச்சட்டம். பாதை அமைத்தவனுக்குப் பரிசு, கதவடைப்பு!

வேலியை உயர்த்துக என்று ஒரு சாராரும், வாயிலைத் திறந்திடுக என்று மற்றொரு சாராரும் அமெரிக்காவில் இன்று வாதிடக் காண்கிறோம். வாதம் வளரட்டும். நாம் கேட்க விரும்புவது வேறு. அந்த வேலி முளைத்தது எப்போது? எவரைக் குறிவைத்து? குறிவைக்கப்பட்டவரோடு அது நின்றதா?

லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்பார் 1862ல் கலிபோர்னியாவின் ஆளுநராகப் பதவியேற்றார். ஆசியரைத் தாழ்ந்த இனத்தார் என்று பதவியேற்புரையிலேயே ஏசினார். அவர்தம் வருகையைத் தடுத்திட வேண்டும் என்றார். அவரே சென்ட்ரல் பசிபிக் இரயில்வே கம்பெனியின் தலைவராகவும் இருந்தார். பாதை போட ஆள் தேவைப்பட்டது. 1865ல் என்ன எழுதினார்? சீனர் அமைதியானவர், பொறுமைசாலிகள், உழைப்பாளிகள், சிக்கனமானவர்! மூன்றே ஆண்டுகளில் ஓர் இனத்தின் இயல்பா மாறிவிட்டது? இல்லை, மாறியது முதலாளியின் தேவை!

"சீனர் குறைந்த கூலிக்கு உழைத்து நம் வயிற்றில் அடிக்கின்றனர்" என்றனர் வெள்ளைத் தொழிலாளர். கூலி குறையுமோ என்ற அச்சம் ஏழைக்கு இயற்கை. அதை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆனால் கூலியைக் குறைத்தது யார்? வெள்ளையருக்கு உணவும் உறைவிடமும் அளித்த கம்பெனி, சீனர் தம் உணவுக்குத் தாமே பணம் செலுத்திக்கொள்ளட்டும் என்றது. 1867ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆயிரக்கணக்கான சீனர் சம்மட்டியைக் கீழே வைத்தனர். மாதம் 40 டாலர் கூலியும், சுரங்கத்திலே வேலை நேரக் குறைப்பும் கேட்டனர். கம்பெனி என்ன செய்தது? மலை முகாமுக்குச் செல்லும் உணவுப் பொருளை நிறுத்தியது. பட்டினி வென்றது, வேலைநிறுத்தம் ஒரு வாரத்தில் முறிந்தது. மலிவாக உழைப்பதே சீனரின் குற்றம் என்றவர்கள், அவர்கள் மலிவாக உழைக்க மறுத்த அந்த ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்ததுண்டா?

1873ல் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. சான் பிரான்சிஸ்கோவின் வீதிகளிலே டென்னிஸ் கியர்னி என்னும் பேச்சாளர் தோன்றினார். சீனர் வெளியேற வேண்டும் என்பதே அவர்தம் முழக்கம். யார் இந்தக் கியர்னி? அவரே அயர்லாந்தில் பிறந்து கடல் கடந்து வந்தவர்! முன்னே வந்தவர், பின்னே வருவோரை 'அன்னியர்' என்றார், கூட்டம் கைதட்டியது.

சட்டம் பிறந்தது எளிதாகவுமல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜார்ஜ் ஃபிரிஸ்பி ஹோர், செனட் அவையிலே எழுந்து நின்று எதிர்த்தார்; இனத்தைக் காட்டி மனிதனை விலக்குவது குடியரசின் அடிப்படைக்கே மாறானது என வாதாடினார். 20 ஆண்டுத் தடை விதித்த முதல் மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஆர்தர் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். 10 ஆண்டு எனக் குறைத்துக் கொண்டுவந்தனர், கையொப்பமிட்டார். அச்சட்டமே சீனர் குடியுரிமை பெறுவதையும் தடுத்தது. 1885ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரிலே 28 சீனத் தொழிலாளரைக் கொன்று குவித்தனர். தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை.

புதியவர் வரலாகாது என்று தொடங்கிய சட்டம், இருப்பவர் மீது பாய்ந்தது. ஊர் சென்று திரும்பலாம் என்று அரசே சான்றுச் சீட்டு அளித்திருந்தது. 1888ல் அச்சீட்டுகள் செல்லாது என்றனர். சீட்டை நம்பிக் கடல் கடந்திருந்தோர் சுமார் 20,000 பேர் வெளியே நின்றனர். 1892ன் கியரி சட்டமோ, சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுச் சீட்டு பெற்றாக வேண்டும் என்றது. சீட்டில்லாதவன் முன்பே குடியிருந்தவன்தான் என மெய்ப்பிக்க நம்பகமான சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி வெள்ளையராக இருக்க வேண்டும்! சாட்சியின் தகுதி அவர் கண்டதில் இல்லை, தோலின் நிறத்தில் இருந்தது. 1893ல் உச்சநீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பால் இதனை ஏற்றது. 1902ல் காலவரையறையின்றித் தடை நீண்டது.

1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலே ஏஞ்சல் தீவு என்னும் காவற்கூடம். ஏஞ்சல் என்றால் தேவதை. ஆனால் அங்கே நடந்ததோ குறுக்கு விசாரணை! வீட்டுக்கு எத்தனை படிகள், அண்டை வீட்டான் யார் என்று நூற்றுக்கணக்கில் கேள்விகள். தகப்பனின் விடையும் மகனின் விடையும் மாறினால், திருப்பியனுப்பும் கப்பல் காத்திருந்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டோர் மரச் சுவரிலே கவிதைகளைச் செதுக்கினர். அவை இன்றும் அங்கே உள்ளன.

இனி, வேலி வளர்ந்த கதை. மெக்சிகோ வழியே சீனர் நுழைவதைத் தடுக்கவே, 1904 வாக்கில் எல் பாசோவிலிருந்து குதிரைக் காவலர் ரோந்து வந்தனர். 1917ன் சட்டம் தடை எல்லையை அகலமாக்கியது. இந்தியரும் அதனுள் அகப்பட்டனர். அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர் குடியுரிமைக்கு உரியவரல்லர் என 1923ல் உச்சநீதிமன்றம் உரைத்தது. 1924ன் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீடு வகுத்து, இத்தாலியரையும் போலந்துக்காரரையும் யூதரையும் வடிகட்டியது. சீனருக்கெனக் கட்டிய கதவு, ஐரோப்பியர் முகத்திலேயே அறைந்தது! அதே ஆண்டு மே 28ல் எல்லைக் காவற்படை நிறுவப்பட்டது.

மெக்சிகோ மக்களுக்கு ஒதுக்கீட்டு அளவு விதிக்கப்படவில்லை. அன்பினாலா? பண்ணையாருக்கு ஆள் தேவை! 1942 முதல் 1964 வரை, 'பிரசெரோ' என்ற ஒப்பந்தத்தின் கீழ் இலட்சக்கணக்கானோரை அரசே அழைத்து வந்தது. அதன் நடுவிலே, 1954ல், இலட்சக்கணக்கானோரைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ளியதும் அதே அரசு. ஒரு கை அழைத்தது, மறு கை விரட்டியது. இரு கைகளுக்கும் உடல் ஒன்றே!

இந்த இருளிலே ஓர் ஒளியும் உண்டு. வாங் கிம் ஆர்க் என்னும் சமையல் தொழிலாளி, சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனம் சென்று 1895ல் திரும்பியபோது, நீ குடிமகன் அல்லன் எனத் தடுத்தனர். வழக்காடினார். அம்மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகனே என்று 1898ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில், அனுமதியின்றித் தங்கியோர்க்கும் தற்காலிகமாகத் தங்கியோர்க்கும் பிறக்கும் குழந்தைகளுக்கு அவ்வுரிமையை மறுத்துக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டபோது, வழக்குமன்றங்களிலே மீண்டும் புரட்டப்பட்டது அந்தச் சமையற்காரரின் வழக்குதான்!

1943ல் சீனர் தடைச் சட்டம் நீங்கியது. நீதி விழித்ததாலா? ஜப்பானை எதிர்த்த போரிலே சீனம் துணை நாடானது, அதனால்தான். அப்போதும் ஒதுக்கியது ஆண்டுக்கு 105 இடங்கள்! நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை 1965ல்தான் ஒழிந்தது. 2011லும் 2012லும் இரு அவைகளும் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றின. வருந்தத் தக்கதென ஒப்ப, ஏறத்தாழ 130 ஆண்டுகள்!

அப்படியானால் ஒரு நாட்டுக்கு எல்லை வேண்டாமா, வருவோரைக் கணக்கிடும் உரிமை இல்லையா எனக் கேட்பர். உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் எந்த அளவுகோல் கொண்டு? செயலை அளந்தால் அது சட்டம். பிறப்பை அளந்தால், சட்டத்தின் உடையணிந்த வெறுப்பு. பதிவுச் சீட்டு, காவற்கூடம், ரோந்துப் படை — யாவும் 'அந்த ஓர் இனத்தாருக்கு மட்டுமே' என்ற பேச்சோடுதான் வந்தன. எதுவும் அவரோடு நிற்கவில்லை. எந்த நாட்டிலாயினும், 'அவர்களுக்கு மட்டும்' என்று ஒரு சட்டம் வரும்போது, அடுத்த வரியில் எவர் பெயர் எழுதப்படும் என்று கேட்கும் கடமை, இன்று பெயர் எழுதப்படாதோருக்கே முதலில் உண்டு.