வேலியோரத்து நீதி

காணித் தகராறு என்றதும் உறுதி, நில அளவையாளர், சட்டத்தரணி, நீதிமன்றம் என்று ஒரு வரிசை நம் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. ஆனால் அடுத்தடுத்த வீட்டாரைப் பகைவராக்குவது பெரும்பாலும் காணி அன்று. காணியின் ஓரத்தில் நிற்கும் ஏதோ ஒரு சிறு பொருளே. சாய்ந்து வளர்ந்த ஒரு பலாமரம், அடுத்த வீட்டு முற்றத்தில் நீர் சொரியும் ஒரு கூரைப் பீலி, பொது மதிலில் அறைந்த ஓர் ஆணி, ஒரு சாண் தள்ளி நட்ட ஒரு கதியால். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாதது. அதன்மேல் நிற்பவைதாம் கண்ணை உறுத்துகின்றன. இவற்றை நமக்கு முன் வாழ்ந்தவர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

சோழர் காலச் செப்பேடுகளைப் படிப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அதிகாரிகளும் ஊராரும் ஒன்றுகூடுவர். பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடத்திச் செல்வர். அது நடந்த வழியே கல் நாட்டுவர். கள்ளிச் செடியும் நடுவர். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை வழங்கியதைக் கூறும் லெய்டன் செப்பேடு இதற்கு நல்ல சான்று. கல் அசையாதது, கள்ளி வளர்வது. ஒன்று எல்லையின் நிலைபேற்றுக்கு, மற்றது அன்றாடக் காவலுக்கு. இரண்டையும் விட முக்கியமானது, எல்லாரும் பார்த்திருக்க அவை நடப்பட்டன என்பதே. அயலூரார் நடந்து பார்த்து ஒப்புக்கொண்ட எல்லைக்குப் பிறகு வழக்கு வருவது அரிது.

ஊர் எல்லை அவ்வாறு தீர்ந்தது. வீட்டு எல்லைக்கு வருவோம். அதைப் பற்றி எழுத்தில் அமைந்த சட்டம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, அங்கு வழங்கிய வழக்கங்களைத் திரட்டி 1707 இல் தேசவழமை என்று தொகுத்தார். தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களுக்குக் காட்டி, சரியென்ற சான்றும் பெறப்பட்டது. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். சீதனம், முதுசம் பற்றிப் பேசும்போதே நாம் அந்நூலை நினைக்கிறோம். ஆனால் வேலியைத் தாண்டிச் சாய்ந்த மரத்தைப் பற்றியும் அது பேசுகிறது. மரம் யார் நிலத்தில் நிற்கிறதோ அவருக்கே பழம் என்பது பொதுவிதி. இலுப்பை போன்ற சில மரங்களுக்கோ விதி வேறு. அவற்றின் கிளை அயலவர் நிலத்தின்மேல் நீண்டால், அக்கிளையின் பலன் அயலவருக்கே.

பொதுவிதி ஒன்று இருக்க, விலக்கு எதற்கு? என் எண்ணத்தைச் சொல்கிறேன். இலுப்பை பெருமரம், அதன் நிழல் விழுந்த இடத்தில் பயிர் ஓங்காது. நட்டவனுக்கு வித்தும் எண்ணெயும், அயலானுக்கு நிழலும் சருகும் மட்டுமே என்றால் அது நீதியாகாது. தொல்லையை ஏற்பவனுக்குப் பலனிலும் பங்கு உண்டு என்ற நினைப்பு அந்த விலக்கின் பின்னே இருக்கக்கூடும். கோடு எங்கே போகிறது என்று கேட்பதோடு நில்லாமல், கோட்டின் இரு பக்கத்தாரும் என்ன பெறுகிறார்கள், என்ன இழக்கிறார்கள் என்றும் அந்த வழக்கம் கேட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே வந்தால், மாத்தளையைக் கடந்து கண்டியை அடையுமுன் எங்கள் அலவத்துகொட வருகிறது. இந்தக் கண்டி நாட்டிலும் இதே கேள்வி இருந்தது. இங்கே கிராமத்து அம்பலத்திலோ மரநிழலிலோ ஊர்ப் பெரியவர்கள் கூடும் கம்சபாவ என்ற சபை வழக்கைக் கேட்டது. 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் இங்கே ரெசிடெண்டாக இருந்த ஜோன் டொயிலி, இந்தச் சபையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அதன் முன் வந்த வழக்குகளில் அவர் முதலில் சொல்வது எல்லைத் தகராறு. அடுத்து கடன், சிறு களவு, சச்சரவு. தவறியவர் யார் என்று சபை சொல்லும். இழப்பீடு கொடுக்கச் செய்யும். அல்லது கண்டித்து அனுப்பும். இருவரையும் இணங்கவைப்பதே அதன் நோக்கம், தண்டிப்பது அன்று என்பதையும் டொயிலி குறித்திருக்கிறார்.

அக்காலம் முழுவதும் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. சாட்சி இல்லாத பெரிய வழக்குகளில் கொதிக்கும் எண்ணெயில் விரல் தோய்த்துச் சத்தியம் செய்யும் வழக்கமும் இதே நாட்டில் இருந்ததை, 1681 இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூலில் காணலாம். இணக்கம் முறிந்தால் அடுத்த படி எத்தனை கொடியது என்பதை அன்றைய மனிதர் அறிந்திருந்தனர். ஆகவே அம்பலத்தில் பேசித் தீர்ப்பதற்கு அவர்கள் மதிப்பளித்ததில் வியப்பில்லை.

1833 இல் நீதிப் பட்டயம் வந்தது. தீவு முழுவதற்கும் ஒரே நீதிமன்ற ஒழுங்கு ஏற்பட்டது. அம்பலத்தில் பேசியவர்கள் நகரத்துக்கு நடந்தனர். சிறு வழக்குகள் நீண்டன. செலவு காணியின் பெறுமதியை மிஞ்சியது. ஆட்சியாளரே 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் கிராம மன்றங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க நேர்ந்தது. சுதந்திரத்தின் பின் 1958 இல் இணக்க சபைகள் அமைந்தன. 1978 இல் அவை நீங்கின. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யும். அவ்விருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவுசெய்வர். சட்டத்தரணி அங்கே வாதாடுவதில்லை. தீர்ப்பும் இல்லை, இணங்கினால் ஒரு சான்றிதழ், இணங்காவிட்டால் வேறொரு சான்றிதழ். அங்கே பேசியதை நீதிமன்றத்தில் எவருக்கும் எதிராகப் பயன்படுத்தவும் இயலாது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின; அம்பலம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

இது ஏட்டுச் சங்கதி மட்டும் அல்ல. எங்கள் வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் இடையே கிளிரிசீடியா கதியால் வேலி ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் வழக்கமானபடி அதில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அயல் வீட்டு நானா வேலியை எடுத்து மதில் கட்ட விரும்பினார். "சேர், கொடிட வேர் எங்கட பக்கம், காய் உங்கட பக்கம். இதுக்கு உங்கட புத்தகத்தில என்ன சொல்லியிருக்கு?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஒரு கிழமைக்குப் பின் சிரிப்பு குறைந்தது. என் வீட்டாரும் அவர் வீட்டாரும் வேலியோரத்தில் பேசுவதை நிறுத்தினார்கள்.

ஊரில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இருவருமாகச் சென்று அவரை அழைத்து வந்தோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். கொடியை நட்டது யார்? அதற்கு உரமிட்டு வளர்த்தது யார்? மதில் எழும்பினால் மேலேயிருந்து வரும் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? மூன்றாவது கேள்வியை எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. சரிவு நிலத்தில் வேலி தண்ணீரை விட்டுவிடும், மதில் தடுத்துவிடும்.

முடிவு எளிதாகவே அமைந்தது. நில அளவையாளரின் கூலியை இருவரும் பாதியாகக் கொடுத்தோம். மதிலின் அத்திவாரம் முழுவதும் நானாவின் காணிக்குள்ளேயே இருப்பது. அடியில் தண்ணீர் போக ஓட்டைகள் விடுவது. அந்தப் போக மிளகைப் பறித்த பிறகே வேலியில் கை வைப்பது. ஓடுகொடி வெட்டி எங்கள் பக்கத்தில் புதிய கதியாலில் நட்டுக்கொள்வது. இவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதியில் கையெழுத்திட்டோம். மதில் இப்போது நிற்கிறது. மிளகு எங்கள் பக்கத்தில் ஏறுகிறது.

எங்களுக்கு உறுதியும் வரைபடமும் இருந்தன. சண்டை பிடிக்கவும் இணங்கவும் உரிமை இருந்தது. மலைநாட்டில் நம்மவர் பலருக்கு அதுகூட இருந்ததில்லை. தோட்டத்து லயத்தில் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒற்றைச் சுவர். அந்தச் சுவரும், கூரைத் தகரமும், வாசல் கானும் தோட்டத்துக்கே சொந்தம். ஆணி அறைவதென்றாலும் காய்கறிப் பாத்தி போடுவதென்றாலும் கங்காணியையோ துரையையோ, பின்னாளில் தோட்டத் தலைவரையோ பார்த்துத்தான் பேச வேண்டும். எல்லை இல்லாதவனுக்கு எல்லைத் தகராறும் இல்லை. அவனுக்கு இருந்தது அனுமதி மட்டுமே. 2015 க்குப் பின் கட்டப்பட்ட தனிவீடுகளோடு ஏழு பேர்ச் காணி என்ற ஏற்பாடு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அவ்வீடுகளுக்கு இடையே இன்று வேலி முளைக்கிறது. தண்ணீர்க் குழாய் பற்றியும் கான் பற்றியும் வாய்த்தகராறும் முளைக்கிறது.

சிலர் இதைக் கண்டு "வீடு கொடுத்ததும் சண்டை பிடிக்கிறார்கள்" என்று ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனது என்று சொல்ல ஒன்று கிடைத்தவனே அதன் ஓரத்தைப் பார்த்துக் கவலைப்படுவான். அவர்களுக்கு வேண்டியது ஏளனம் அன்று. தெளிவாக அளந்த வரைபடம், கையில் ஓர் உறுதி, அவர்கள் மொழியில் பேசும் மத்தியஸ்தர் மூவர். இந்த மூன்றும் இருந்தால், வேலியோரத்தில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க அவர்களில் ஒரு பெரியவரும் கிடைப்பார்.