வெள்ளை நாக்கு: காரணம் தேடிய வரலாறு

நாக்கின் மேற்பரப்பு முழுவதுமோ அதன் ஒரு பகுதியோ வெண்ணிறமாக மாறுவது வெள்ளை நாக்கு எனப்படும். இது ஒரு நோயின் பெயர் அன்று. பல நிலைகளில் தோன்றும் ஓர் அறிகுறி. ஒரே வெண்மைக்குப் பல காரணங்கள் உண்டு என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிய நெடுங்காலம் ஆயிற்று. அந்தத் தேடலில் சிறுகுழந்தைகளின் உயிரும், பிற்காலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளின் உயிரும் அடங்கியிருந்தன.

நாக்கு வெளுப்பது எப்படி?

நாக்கின் மேற்பரப்பில் நூல் போன்ற நுண்ணிய முனைப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. இவற்றின் நுனியில் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் உண்டு. உணவை மெல்லும்போதும் பேசும்போதும் ஏற்படும் உராய்வால் பழைய செல்கள் உதிர்ந்துவிடும். காய்ச்சல், பட்டினி, நீர் குறைவு, வாயால் மூச்சு விடுதல் போன்ற நிலைகளில் இந்த உதிர்வு குறைகிறது. முனைப்புகள் நீண்டு, இறந்த செல்களும் பாக்டீரியாக்களும் உணவுத் துகள்களும் அவற்றின் இடையே தங்குகின்றன. அப்போது நாக்கில் வெள்ளை மாவு படிந்தது போலத் தோன்றும். பெரும்பாலானோர் காணும் வெண்மை இதுவே. நாக்கை வழித்து, நீர் அருந்தி, இயல்பான உணவுக்குத் திரும்பினால் இது தானே மறையும்.

பண்டைய மருத்துவங்களில்

நாக்கைப் பார்த்து நோயறியும் வழக்கம் மிகப் பழமையானது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவை இடம்பெறுகின்றன. நாக்கு வெளுத்து வழவழப்பாக இருப்பது கபத்தின் மிகுதியைக் காட்டும் என்று சித்த மருத்துவர்கள் கொண்டனர். சீனாவில் 1341ஆம் ஆண்டளவில் உருவான ஒரு நூல் 36 நாக்குப் படங்களை வரைந்து விளக்கியது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள், உடல் நலிந்தவர்களின் வாயில் தோன்றும் வெண்புண்ணைக் குறிப்பிடுகின்றன.

தமிழில் குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு அக்கரம் என்ற பெயர் உண்டு. மாசிக்காயை உரசிக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கமும் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்து வந்தது.

இம்மரபுகள் அனைத்தும் நாக்கை உடலின் உள்நிலையைக் காட்டும் கண்ணாடியாகவே கருதின. நாக்கின் மேல் படிந்திருக்கும் அந்த வெண்பொருள் எது என்ற கேள்வி வேறு. அதற்கு வெறுங்கண் போதாது.

நுண்ணோக்கியின் வருகை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த அந்தோனி வான் லீவன்ஹூக், தாமே செய்த நுண்ணோக்கிகளால் நுண்ணுயிரிகளைக் கண்டவர். காய்ச்சல் கண்டவர்களின் நாக்கில் படியும் வெண்பொருளைப் பற்றி அவர் எழுதிய கடிதம், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1708இல் வெளியானது. நாக்கின் வெண்மை, நேரில் ஆராயத்தக்க ஒரு பொருளானது.

குழந்தைகள் இல்லமும் வெண்புண்ணும்

அடுத்த பெரிய முன்னேற்றம் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அக்கால ஐரோப்பியப் பெருநகரங்களில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்கள் இருந்தன. தாய்ப்பாலின்றி நலிந்த அக்குழந்தைகளின் வாயில், தயிர்த் திட்டுகள் போன்ற வெண்படலம் அடிக்கடி தோன்றியது. பால் குடிக்க முடியாமல் குழந்தைகள் மேலும் மெலிந்தன. இது குழந்தையின் உடலிலிருந்தே ஊறும் கழிவு என்று பல மருத்துவர்கள் நம்பினர்.

1839இல் ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் லாங்கன்பெக், டைபஸ் காய்ச்சல் நோயாளி ஒருவரின் வெண்படலத்தில் ஒரு பூஞ்சையைக் கண்டார். ஆனால் அதை வெண்புண்ணுக்கு உரியதாக எண்ணாமல் காய்ச்சலோடு தொடர்புபடுத்தினார். சரியான பொருள் கிடைத்தும் அது தவறான நோயோடு சேர்க்கப்பட்டது.

அந்தப் பிழையைத் திருத்தியவர்களுள் முதன்மையானவர் ஸ்டாக்ஹோம் நகரின் பொதுக் குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றிய ஃப்ரெட்ரிக் தியோடர் பெர்க். 1841இல் அவர் குழந்தைகளின் வெண்புண்ணில் பூஞ்சை இருப்பதைக் காட்டினார். வெண்படலத்தை நலமான குழந்தைகளின் வாயில் இட்டு, நோய் தொற்றுவதையும் நிறுவினார். இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஏற்காது. தமக்காகப் பேச எவருமில்லாத குழந்தைகளின் மீதே இந்த அறிவு பெறப்பட்டது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். 1842இல் பாரிஸில் டேவிட் குரூபியும் இதே பூஞ்சையை விவரித்தார்.

பெயரும் மருந்தும்

1853இல் பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் ராபின் இப்பூஞ்சைக்கு ஓய்டியம் அல்பிகன்ஸ் என்று பெயரிட்டார். 1923இல் நெதர்லாந்தின் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் அதைக் கேண்டிடா என்ற புதிய இனத்தில் சேர்த்தார். லத்தீனில் கேண்டிடா என்றால் வெண்மையானது, அல்பிகன்ஸ் என்றால் வெளுப்பது. ஆக, கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பெயரில் வெண்மை இருமுறை வருகிறது.

நலமாக உள்ள பலரின் வாயிலும் இப்பூஞ்சை தீங்கின்றி வாழ்கிறது. வாயின் பாக்டீரியாக்களும் உடலின் எதிர்ப்பாற்றலும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. 1940களில் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பரவலானபோது அந்தப் பாக்டீரியாக்கள் அழிந்து, பூஞ்சை பெருக இடம் கிடைத்தது. ஒரு நோயைத் தீர்த்த மருந்து மற்றொன்றுக்கு வழிவிட்டது.

இதற்கான தீர்வை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய இரு பெண்கள் கண்டனர். நியூயார்க் நகரில் இருந்த எலிசபெத் ஹேசன் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிரிகளை வளர்த்தார்; ஆல்பனியில் இருந்த ரேச்சல் பிரவுன் அவற்றிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தார். மாதிரிகள் இருவருக்கும் இடையே அஞ்சலில் சென்று வந்தன. வர்ஜீனியாவின் ஒரு பால் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பூஞ்சைக்கொல்லி மருந்து பிறந்தது. 1950இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு, நியூயார்க் மாநிலத்தின் நினைவாக நிஸ்டாட்டின் என்று பெயரிடப்பட்டது. அதன் காப்புரிமையால் வந்த 1 கோடி டாலருக்கும் மேலான தொகையை இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே அளித்தனர்.

வழித்தாலும் போகாத வெண்மை

பூஞ்சைப் படலத்தைப் பெரும்பாலும் துடைத்து எடுக்கலாம். துடைத்தாலும் நீங்காத வெண்திட்டுகளும் உண்டு. 1877இல் ஹங்கேரிய மருத்துவர் எர்னோ ஷ்விம்மர் இவற்றை லியூகோபிளேக்கியா, அதாவது வெண்திட்டு, என்று அழைத்தார். புகையிலை இதற்கு முக்கியக் காரணம். இத்திட்டுகள் அனைத்தும் புற்றுநோயாவதில்லை. ஆனால் சில ஆகக்கூடும். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் பரவியுள்ள இந்தியாவில் இது மிகுந்த கவனத்துக்குரியது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

1981க்குப் பின்

1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, லாஸ் ஏஞ்சலீஸில் அரிய வகை நுரையீரல் அழற்சி கண்ட ஐந்து இளைஞர்களை விவரித்தது. ஐவருக்குமே கேண்டிடா தொற்றும் இருந்தது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை அதுவே. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உரியது எனக் கருதப்பட்ட வெண்புண் இளைஞர்களின் வாயில் தோன்றியது, எதிர்ப்பாற்றல் சிதைந்ததன் அடையாளமானது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. அதன் பின் காரணமின்றி வரும் வாய் வெண்புண்ணைக் கண்ட மருத்துவர்கள், எச்.ஐ.வி. பரிசோதனையையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினர்.

இன்றைய நிலை

நாக்கின் வெண்மையை இன்றைய மருத்துவம் காரணம் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறது. வழித்தால் நீங்கும் படிவு பெரும்பாலும் தீங்கற்றது. தயிர்த் திட்டு போன்ற படலம் பூஞ்சையைக் குறிக்கலாம். கட்டுப்படாத நீரிழிவு, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து, பொய்ப்பல் ஆகியவையும் அதற்கு இடம் தரும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காத திட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை செய்யப்படும்.

நாக்கு உடலின் நிலையைச் சொல்லும் என்ற பழைய எண்ணம் முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. நலிந்த உடலில் வெண்புண் தோன்றும் என்ற பழங்கால அவதானிப்பை எய்ட்ஸ் காலம் மீண்டும் உறுதிசெய்தது. ஆனால் நாக்கின் நிறம் மட்டுமே முழு விடையைத் தருவதில்லை என்பதையும் இந்த வரலாறு கற்பித்திருக்கிறது.